ஏழாம் நம்பர் மலையில் ஒரு பிரசவம்

ஒரு தவளையின் தொடை என்ன நிறம் என்று பார்த்து வருவதற்காகக் கடல் தாண்டிப் போனேன். விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி, வந்த காரணம் என்ன என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். அவர் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுற்றுலா என்று எழுதி அனுப்பிவைத்தார்.

நான் புத்தகங்களுக்கு உயிரினங்களை வரைகிறவள். திருச்சியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, புகைப்படங்களைப் பார்த்துப் பார்த்து, பனிமூட்ட மலைத் தவளைகளை வரைந்துகொண்டிருந்தேன். ஒரு தவளையில் மாட்டிக்கொண்டேன். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். உடம்பு தேயிலைக் கொழுந்தின் பச்சை. உட்கார்ந்தால் காலை மடக்கித் தொடையை மறைத்துக்கொள்ளும்; தாவும்போது மட்டும் தொடையின் உட்புற நிறம் ஒரு கணம் தெரியும். அது மஞ்சள் என்றார் படத்தைச் சரிபார்க்கும் ஆய்வாளர் ஒருவர். சிவப்பு என்றார் இன்னொருவர். இருவரும் அதற்குப் பிறகு பேசிக்கொள்வதில்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார் பதிப்பாளர்.

அந்தத் தவளையின் அறிவியல் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது வாழ்கிற தேயிலைத் தோட்டத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. பிளாஸ்டிக் டப்பாவோடு வந்து பிடித்துப்போய் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பூனாகலைக்கு மேலே ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் முழுவதும் பேருந்தில் போயிற்று. ஓட்டுநரின் தலைக்கு மேலே ஒரு புத்தர், ஒரு பிள்ளையார், ஒரு தொலைக்காட்சி. மூன்றில் தொலைக்காட்சிக்குத்தான் சத்தம் அதிகம். ஹல்துமுல்லைக்கு வந்ததும் வண்டி நின்றது. பழுது என்று நினைத்தேன். ஓட்டுநர் இறங்கிச் சட்டித் தயிர் வாங்கிக்கொண்டிருந்தார். எந்தச் சட்டி கனமாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். நம் ஊரில் இதற்குள் நான்கு பேர் கைதட்டிக் கூப்பிட்டிருப்பார்கள். இங்கே பயணிகளும் இறங்கித் தயிர் வாங்கினார்கள். நானும் வாங்கினேன்.

பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குத் தமிழும் தெரியும், சிங்களமும் தெரியும். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பதை அவள் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பேருந்துக்கே சிங்களத்தில் அறிவித்தாள். பின்னாலிருந்து ஒரு பெரியவர் ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று கேட்டேன். “அவங்க வீட்டுக் கிணத்துல நெறைய கெடக்காம். சும்மாவே எடுத்துக்கிட்டுப் போகச் சொல்றாரு” என்று மொழிபெயர்த்தாள்.

இரண்டாம் நாள் அந்தோனியின் முச்சக்கர வண்டி வாய்த்தது. அந்தோனி பண்டாரவளைக்காரர், ஐம்பது வயது, வண்டியின் முன்கண்ணாடியில் வேளாங்கண்ணி மாதா. நான் திருச்சி என்றதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

“திருச்சியில எங்கங்க?”

“உறையூர்.”

“எங்க தாத்தாவோட ஊரு துறையூர்ப் பக்கம். அப்ப நாம ஒரே ஊரு.”

உறையூருக்கும் துறையூருக்கும் நடுவே இருக்கிற தூரத்தைச் சொல்லி அவர் மனதை நோகடிக்க விரும்பவில்லை. ஒரே ஊர் ஆனதில் கட்டணம் குறையவில்லை. தவளை பார்க்கப் போகிறேன் என்றதும் மட்டும் அவர் முகம் மாறியது. பாம்பு என்றால் கையால் பிடிப்பாராம். தவளை என்றால் உடம்பெல்லாம் கூசுமாம். “அது எப்பத் தாவும்னு சொல்ல முடியாதுங்க” என்றார். எனக்கும் அதுதான் பிரச்சினை.

கடைசி ஏற்றத்தில் வண்டி ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டது. அந்தோனி ஓட்ட, நான் தள்ள, தயிர்ச்சட்டி மட்டும் சுகமாக உட்கார்ந்து வந்தது. மழை தூறியது. செருப்புக்குள் அட்டை ஏறியதை மேலே போய்த்தான் பார்த்தேன்.

தங்குவதற்கு அந்தோனிக்குத் தெரிந்த ஒரு வீடு. லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசையில் நடுவில் ஒரு காம்பரா. ஓர் அறை, ஓர் அடுப்படி, அவ்வளவுதான் வீடு. இரண்டு பக்கச் சுவருக்கும் அப்பால் வேறு குடும்பங்கள். வீட்டுக்காரி புஸ்பம், கொழுந்து எடுக்கிறவள், நாற்பது வயதிருக்கும். “வாங்கக்கா, நனைஞ்சு போயிட்டீங்களே” என்று என் காலிலிருந்த அட்டையைப் பேச்சுவாக்கில் உப்புப் போட்டு எடுத்துவிட்டு, ஒரு துண்டு கருப்பட்டியை உள்ளங்கையில் வைத்தாள். பால் இல்லாத சாயத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே அதைக் கடிக்க வேண்டுமாம். நான் காப்பி ஜாதி. ஆனாலும் அந்தக் குளிருக்கு இரண்டாவது கோப்பையும் கேட்டேன்.

சாப்பாடு ரொட்டியும், மிளகாயை இடித்துச் செய்த கட்டைச் சம்பலும். சம்பலின் காரத்தில் என் காதுக்குள் ஏதோ திறந்துகொண்டது. புஸ்பத்தின் கணவர் ராமையா எதிரே உட்கார்ந்து, ஒரு நீளக் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரு மலையிலுள்ள செடிகளையெல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். அங்கே மலை என்றால் ஒரு தேயிலைத் துண்டு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. வியாழக்கிழமை காலை ஏழாம் நம்பர் மலையில் கவ்வாத்து தொடங்குகிறது. என் தவளை இருப்பதாகச் சொல்லப்பட்டதும் அதே மலைதான்.

ராமையா தண்ணீர் எடுக்க எழுந்து போனபோதுதான் அவர் காலைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு, கணுக்கால் வரைக்கும் ஓடியது.

“போன வருசம் ஒம்பதாம் நம்பர்ல” என்றாள் புஸ்பம். “மழை வரப்போவுது, பூசை எல்லாம் பெறகு பாத்துக்கலாம்னு தொரை சொல்லிட்டாரு. சாமி கும்புடாமயே கத்திய வெச்சாங்க. அன்னிக்கே கத்தி வழுக்கிக் கால்ல எறங்கிருச்சு. நான்தான் மொதல்ல ஓடிப் போனேன். வெள்ளையா எலும்பு தெரிஞ்சுச்சுக்கா.”

அதற்குப் பிறகு அவர் கத்தி எடுக்கவில்லை. பெண்களோடு சேர்ந்து புல் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அதில் கேலி வேறு. வியாழக்கிழமைதான் மறுபடியும் கத்தியோடு ஏறப்போகிறார். கவ்வாத்துச் சாமிக்கு முறையாகப் பூசை நடந்தால்தான் அனுப்புவேன் என்று புஸ்பம் சொல்லிவிட்டாள். பூசை நடந்தாலும் நடக்காவிட்டாலும் போவேன் என்று ராமையா தோட்ட மேலாளரான தொரையிடம் சொல்லிவிட்டார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் என் பாய் விரிக்கப்பட்டது.

மூன்றாம் நாள், புதன்கிழமை. ஏழாம் நம்பர் மலைக்குப் போனேன். கவ்வாத்துச் சாமி மூன்று கல். பக்கத்தில் ஒரு தேயிலைச் செடி; சாமிக்கு விட்டது என்பதால் யாரும் மட்டம் வெட்டுவதில்லை. ஒவ்வொரு கவ்வாத்துக்கும் முதல் வெட்டாக அதில் ஒரே ஒரு கிளையைக் கழித்துச் சாமி முன்னால் வைப்பதோடு சரி. மற்ற செடிகளெல்லாம் இடுப்புயரத்தில் ஒரே மட்டமாக நிற்க, இது மட்டும் மரமாக வளர்ந்து வெள்ளைப் பூ பூத்து நின்றது. தேயிலை பூக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

குடையைப் பிடித்துக்கொண்டு அதன் அடியில் உட்கார்ந்தேன். மூட்டம் வந்தது, போனது, மறுபடியும் வந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் போகிறபோக்கில் பார்த்துவிட்டு, “யாரு அது?” “இந்தியாவுல இருந்து தவளை பாக்க வந்தவங்களாம்.” “அங்க தவளை இல்லையா?” “அங்க மழை இல்லைல்ல” என்று தங்களுக்குள் முடித்துக்கொண்டார்கள். அந்தோனி நல்ல தூரத்தில், வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் ஆவதற்குள் பொறுமையெல்லாம் போய்விட்டது. கால் மரத்து எழுந்தபோது தலைக்கு மேலே ஓர் இலையின் அடியில் பார்த்தேன். ஜவ்வரிசிப் பாயசத்தைக் கரண்டியால் எடுத்து அப்பியது மாதிரி ஒரு கொத்து முட்டை. பக்கத்து இலையில் அவள், நான் தேடி வந்த தவளை. அந்தப் பச்சையை நான் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். ஒரு தடவைகூடச் சரியாக வரையவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. தொடையை மட்டும் அவள் காட்டவில்லை.

அதே நேரத்தில்தான் மறுநாள் பூசைக்கு இடத்தைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தார்கள். புஸ்பம் ஒரு குடத்தில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்தாள். ராமையாவும் கவ்வாத்துக்காரர்கள் சிலரும் வந்தார்கள். தோட்டத்துக்குப் பூசாரியும் ஃபாக்டரிக்கு அடுப்புக்காரருமான காளிமுத்து வந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“முட்டை போட்டிருக்கு!” என்று கத்தினேன்.

“எங்க?” என்றார் காளிமுத்து.

“இங்கதான். சாமி செடியில.”

காளிமுத்து கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்தார். “அப்ப பூசை இல்ல” என்றார்.

ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“பொறப்புத் தீட்டுல்ல?” என்றார் காளிமுத்து.

“தவளைக்கு என்னாண்ணே தீட்டு?” என்றார் ஒரு கவ்வாத்துக்காரர்.

“தவளைக்குத் தீட்டுன்னு யாருடா சொன்னா? சாமி வீட்டுக்குத் தீட்டு. ஒன் காம்பராவுல வந்து எவளோ ஒருத்தி புள்ள பெத்துட்டா, அவ நம்ம ஆளு இல்லன்னு நீ அன்னிக்கே வெளக்கு ஏத்துவியா? முப்பது நாள் கழியணும்ல?”

அவர் சொன்னதில் ஓட்டை கண்டுபிடிக்க எல்லாரும் முயன்றார்கள்.

“முட்டைதானண்ணே போட்டிருக்கு” என்றார் ராமையா. “பொரிச்சாத்தான புள்ள?”

காளிமுத்து என்னைப் பார்த்தார். “படிச்சவங்க இருக்காங்க. அவங்களையே கேப்போம்” என்றார். இந்த இடத்தில் நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். என் தொழில் புத்தி விடவில்லை. மற்ற தவளைகள் தண்ணீரில் முட்டையிடும், வாலோடு தலைப்பிரட்டை வரும், அது நீந்தி வளர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தவளையாகும் என்று விளக்கினேன். இந்த இனத்தில் அப்படி இல்லை. முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாக வளர்ந்துதான் வெளியே வரும் என்றேன்.

“கை காலோடயா?” என்றார் காளிமுத்து.

“கை காலோட.”

“அப்பப் புள்ளதான்” என்றார். விசாரணை முடிந்தது.

சத்தம் கேட்டு அந்தோனி வண்டியை விட்டு இறங்கி வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். “நாங்க வேதக்காரங்க. எங்களுக்குத் தீட்டு இல்ல” என்று முதலில் தன் நிலையைத் தெளிவுபடுத்தினார். பிறகு, “அந்த எலையக் கிள்ளி அந்தப் பக்கம் போட்டுட்டா சோலி முடிஞ்சுதுல்ல?” என்றார்.

காளிமுத்து யோசித்தார். கவ்வாத்துக்காரர்களும் யோசித்தார்கள். இலை ராமையாவின் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருந்தது. பூசை நடந்தே ஆக வேண்டும் என்றவள் புஸ்பம்தான்; எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

“புள்ள பெத்த வீட்டுக்குள்ள போயி, பெத்ததத் தூக்கி வெளிய போடுறதா?” என்றாள் புஸ்பம். “அப்பறம் எந்த வாயால அந்தச் சாமிகிட்ட என் புருசன் காலக் கேக்குறது?”

குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். என்னைக் கடந்து போகும்போது நின்றாள். “அக்கா, இத நீங்க நாளைக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. வெறும் சந்தேகமாகத்தான் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் நடந்தேன்.

வீட்டுக்கு வந்தோம். பூசை இல்லாவிட்டாலும் காலையில் ஏறுவேன் என்பதை ராமையா சொல்லவில்லை. கத்தியைச் சாக்கில் சுற்றிக் கதவோரம் சாத்தி வைத்தார். புஸ்பம் அடுப்பில் கல்லைப் போட்டு ரொட்டி தட்டினாள். முதல் ரொட்டி வேகும்போது சுவரிலிருந்த முருகன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெரியவள நான் பெத்தப்ப இந்தப் படம் எங்க இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“இதென்ன கேள்வி? அடுத்த காம்பராவுல. முத்தம்மாக்கா வீட்ல” என்றார் ராமையா.

ஒரே ஓர் அறையுள்ள வீட்டில் பிரசவம் நடந்தால் சாமி எங்கே போகும்? பக்கத்து வீட்டில் கொடுத்துவைப்பார்கள். தீட்டுக் கழிந்ததும் வாங்கி மாட்டிக்கொள்வார்கள். அந்த லயத்தில் எல்லாச் சாமிகளும் எல்லார் வீட்டிலும் குடியிருந்தவைதான்.

புஸ்பம் ரொட்டியைக் கல்லிலேயே விட்டுவிட்டு மழையோடு காளிமுத்து வீட்டுக்கு ஓடினாள். ரொட்டி கருகியது. நான் அதைச் சாப்பிட்டேன். அன்றைக்கு அதற்கு மேல் நல்ல ரொட்டி தின்கிற தகுதி எனக்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

நான்காம் நாள், வியாழக்கிழமை. பெரட்டுக் களத்தில் காலையில் பெயர் கொடுத்துவிட்டு எல்லாரும் ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினார்கள். காளிமுத்து சாமி செடிக்கு முன்னால் நின்றார், தொண்டையைச் செருமினார். சாமிக்குக் காரணம் சொல்லாமல் இடம் மாற்றக் கூடாது என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

“சாமி, ஒங்க வீட்ல பிரசவம். பொம்பள ஒத்தையா இருக்கா. முப்பது கழியிற வரைக்கும் அடுத்த காம்பராவுல இருங்க. நாங்களே வந்து கூட்டிக்கிட்டு வர்றோம்” என்றார்.

ராமையா குனிந்து முதல் கல்லைத் தூக்கினார். தோள் கிளையில் இடித்தது. இலை ஆடியது. அவள் தாவினாள்.

பார்த்துவிட்டேன். மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. இரண்டு ஆய்வாளர்களும் தப்பு, அல்லது இரண்டு பேரும் பாதி சரி. பார்த்துவிட்டேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தோனியின் அலறல் கேட்டது. அவள் இறங்கிய இடம் அவருடைய சட்டைப்பை. “மாதாவே!” என்று அவர் அசையாமல் நிற்க, புஸ்பம் ஒரு கொழுந்துக் கொத்தை நீட்டினாள். தவளை அதில் மாறி, கிளைக்குத் திரும்பிப் போய்த் தொடையை மடக்கிக்கொண்டது. அந்தோனி வெகுநேரம் அந்தப் பையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று கல்லும் வடிகாலுக்கு அந்தப் பக்கம் குடியேறின. தேங்காய் உடைந்தது. கத்திகளை வரிசையாக வைத்துக் குங்குமம் பூசினார்கள். அங்கிருந்த செடியில் ஒரு கிளை வெட்டி முதல் வெட்டு நடந்தது. புஸ்பம் கண்ணை மூடி நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளில் தொரை வந்தார். சின்ன வயது, கையில் பெரிய கடிகாரம். சாமி ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டார். “பழைய வீட்ல பிரசவம்ங்க தொரை” என்றார் காளிமுத்து. தொரை கடிகாரத்தைப் பார்த்தார். வேலை நேரத்துக்குத் தொடங்கியிருந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பகல் முழுக்க நான் லயத்து வாசலில் உட்கார்ந்து வண்ணம் குழைத்தேன். பார்த்த நிறம் கண்ணுக்குள் இருந்தது, கைக்கு வரவில்லை. மஞ்சளில் சிவப்பைக் கலந்தால் பூசணிக்காய் ஆயிற்று. சிவப்பில் மஞ்சளைக் கலந்தால் செங்கல் ஆயிற்று. தாள்தான் வீணானது. புஸ்பத்துக்கு அன்று மிலாறு பொறுக்குகிற வேலை. வெட்டிப் போட்ட குச்சிகளைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவதும், மறுபடியும் மேலே பார்ப்பதுமாக இருந்தாள். மலை கொஞ்சம் கொஞ்சமாக மொட்டையாகிக்கொண்டு வந்தது. நடுவில் ஒரே ஒரு பச்சைச் செடி.

சாயங்காலம் அவள் ஒரு தட்டில் மஞ்சளைக் கரைத்து, வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைக் கலக்கி, ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். கவ்வாத்துக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். ராமையா வரவில்லை. கத்தியைக் கழுவிவிட்டு வருவார் என்றார் ஒருவர்.

கடைசியில் வந்தார். மூட்டத்துக்குள்ளிருந்து வந்ததால் முதலில் தலை தெரிந்தது. புஸ்பம் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. காலையே பார்த்தாள். தழும்பு இருந்த காலில், முழங்காலுக்குக் கீழே சிவப்பாக இருந்தது.

“அது என்னா?” என்றாள். அவள் குரல் மாதிரியே இல்லை.

“எது? இதுவா? குங்குமம்டீ. கத்தியத் தொடச்சேன்.”

தட்டை என் கையில் கொடுத்தாள். குனிந்தாள். கட்டைவிரலால் அந்தச் சிவப்பைத் தேய்த்து, மூக்கருகில் வைத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு அதே கையால் அவர் முழங்காலில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

“கத்தியத் தொடைக்க ஒலகத்துல வேற எடமே இல்லையா ஒனக்கு?” என்று கேட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ராமையா என்ன செய்வதென்று தெரியாமல் மிலாற்றுக் கட்டை எடுத்து நேராக அடுக்கினார். என் கண்ணும் கலங்கியது. அதனால்தான் கையிலிருந்த தட்டைப் பார்க்கக் கொஞ்ச நேரமாயிற்று.

மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. அதே நிறம்.

அவள் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆரத்தி சுற்றி, வாசலில் ஊற்றப்போனாள். கொஞ்சம் எனக்கு மிச்சம் வை என்று கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் தட்டை நீட்டினாள். தூரிகையை அதில் தொட்டுத் தாவுகிற தவளையின் தொடைக்குப் பூசினேன். மஞ்சள் வெயிலில் வெளுக்கும் என்பது தெரியும். ஊருக்குப் போய் நல்ல வண்ணத்தில் அதைப் பார்த்து இன்னொன்று வரைந்து பதிப்பாளருக்குக் கொடுத்தேன். முதல் படம் என்னிடம் இருக்கிறது.

அன்று அது காய்வதற்குள் புஸ்பம் வந்து எட்டிப் பார்த்தாள். படத்திலிருந்த தவளையின் நீட்டிய காலின் மேல் விரல் படாமல், மேலிருந்து கீழே ஒரு தடவை விரலை ஓட்டிப் பார்த்தாள்.

“கால்ல ஒண்ணும் இல்லையேக்கா?”

“ஒண்ணும் இல்ல புஸ்பம். நல்லா இருக்கு.”

“அது போதும்” என்று சொல்லிவிட்டு ரொட்டி தட்டப் போனாள்.